மகஜரை முதலில் வாசிப்பவர் யார்?

மகஜர் கையளிப்பது நமது பிரதேசத்தில் ஒரு புகைப்பட நிகழ்வாகிவிட்டது. வர்த்தக சங்கத் தலைவர் ஒரு பக்கம், அதிகாரி மறுபக்கம், நடுவில் ஒரு கடித உறை. இருவரும் கமராவைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். மறுவாரம் பத்திரிகையில் படம் வருகிறது. "பல்வேறு கோரிக்கைகள் அடங்கிய மகஜர் கையளிக்கப்பட்டது" என்று செய்தி முடிகிறது. அந்த உறையை யார் திறந்தார், உள்ளே என்ன எழுதப்பட்டிருந்தது, பதில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கையளித்ததோடு கடமை முடிந்தது என்று நாமும் கடையைத் திறக்கப் போய்விடுகிறோம்.

நான் காகிதாதிகள் விற்பவன். கடையில் போட்டோ கொப்பி இயந்திரமும் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவியை அண்டிய ஊர்களிலிருந்து காரியாலய வேலையாக வரும் வர்த்தகர்கள் பலர் தங்கள் மகஜர்களை என்னிடம்தான் பிரதி எடுக்கிறார்கள். பிறர் கடிதத்தை வாசிப்பது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால், பன்னிரண்டு பிரதி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது. பல வருடங்களாகப் பார்த்ததில் ஒன்று சொல்வேன்: நமது வர்த்தகர்கள் கேட்பது பெரும்பாலும் நியாயமானது; கேட்கும் விதம்தான் காரியத்தைக் கெடுக்கிறது.

வடிகான் ஒன்றைத் துப்புரவாக்கக் கோரிய மகஜர் ஒன்று, "மீன்பாடும் தேன்நாட்டின் புகழ்பூத்த வர்த்தகப் பெருமக்களாகிய நாம்" என்று ஆரம்பித்தது. முதற்பக்கம் முழுவதும் ஊரின் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் யுத்தகால இழப்புகள், சுனாமி இழப்புகள், தேர்தலில் நாம் அளித்த ஆதரவு. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பந்தியில்தான் வடிகான் வந்தது. அதிலும் எந்த வீதியின் வடிகான் என்று இல்லை. ஊருக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். ஊருக்குத் தெரியும்தான், ஆனால் கடிதம் போவது ஊருக்கல்லவே!

அரச அலுவலகம் ஒன்றுக்குள் கடிதம் எப்படி நடக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வந்தவுடன் தபால் பதிவேட்டில் ஏறும். திகதி முத்திரை விழும். மேலதிகாரி அதன் ஓரத்தில் ஒரு வரி எழுதி உரிய கிளைக்கு அனுப்புவார். அங்கே அந்த விடயத்துக்குப் பொறுப்பான இலிகிதர் இருப்பார். இப்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்று பெயர். நமக்கு இன்றும் கிளார்க்தான். அவர் கோவையைத் திறந்து, மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். யார் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், அதைக் கொடுக்க நமக்கு அதிகாரம் உண்டா, ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளதா. நமது மகஜரை முழுமையாக வாசிக்கும் முதல் ஆள் அவர்தான். அநேகமாகக் கடைசி ஆளும் அவரே. அவர் மேசையில் அன்றைக்கு இன்னும் நாற்பது கடிதங்கள் இருக்கும். மூன்று பக்கத்தில் கோரிக்கையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால், "உரிய நடவடிக்கைக்காக" என்று வேறொரு கிளைக்குத் தள்ளிவிடுவது அவருக்கு இலகு. அதே கோரிக்கை முதல் நான்கு வரிக்குள் இருந்தால், அந்த வரிகளையே தன் குறிப்பில் எடுத்து எழுதிவிடுவார். நாம் எழுதிய வசனம் அவருடைய வசனமாகிவிடும். மகஜர் எழுதுவதன் சூட்சுமம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். வாவிக்கரைக்குப் போகும் ஒரு சந்தை வீதி. ஒவ்வொரு மாரியிலும் கடைகளுக்குள் வெள்ளம் புகும். அரிசி மூட்டையும் துணிக்கட்டும் நனைந்து நாசமாகும். மூன்று வருடமாக மகஜர் கொடுத்தார்கள். ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், சபைத் தவிசாளர் என்று பதினொரு பேருக்கு ஒரே கடிதம். பதினொரு பேரில் ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்க வேண்டும்.

நான்காம் வருடம் சங்கத்தின் செயலாளராக வந்த இளைஞர் என்னிடம் ஆலோசனை கேட்டார். "வெள்ளம் எங்கே நிற்கிறது என்று நடந்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்த்தார்கள். வீதியின் வடிகான் நன்றாகத்தான் இருந்தது. அது போய்ச் சேரும் பிரதான வீதிக்குக் கீழே உள்ள மதகுதான் மண்ணால் அடைபட்டிருந்தது. அந்த மதகு பிரதேச சபைக்குரியதே அல்ல. மூன்று வருடமாக, செய்ய அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பின்னர் ஒரே ஓர் அலுவலகத்துக்கு, ஒரே பக்கத்தில், இப்படி எழுதினோம்:

"விடயம்: சந்தை வீதிச் சந்தியில் பிரதான வீதிக்குக் கீழுள்ள மதகைத் துப்புரவு செய்தல்.

மேற்படி மதகு மண்ணாலும் குப்பையாலும் அடைபட்டுள்ளது. இதனால் கடந்த மூன்று மாரி காலங்களிலும் சந்தை வீதியின் 37 கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கடை இலக்கம், நீர் நின்ற உயரம், சேதமான பொருட்களின் பெறுமதி என்பன இணைப்பு 1இல் உள்ளன. மதகின் படங்கள் இணைப்பு 2. இதனைப் பராமரிக்கும் பொறுப்பு தங்கள் அலுவலகத்துக்குரியது எனப் பிரதேச சபை எமக்கு எழுத்தில் அறிவித்துள்ளது (இணைப்பு 3). எனவே, ஒக்டோபர் 15ஆம் திகதிக்கு முன்னர் மதகைத் துப்புரவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் உத்தியோகத்தர் வரும் நாளை அறிவித்தால், இடத்தைக் காட்ட எமது சங்கத்தில் ஒருவர் காத்திருப்பார்."

செயலாளருக்குத் திருப்தியில்லை. "காக்கா, இதுல ஒண்டுமே இல்லையே. பத்து வரிதான் இருக்கு. ஆக்கள் சிரிக்கப் போறாங்க" என்றார். "தம்பி, ஆக்களுக்கு எழுதலயே, அந்த ஒஃபிஸுக்குத்தானே எழுதுறம்" என்றேன். அவ்வருடம் மாரிக்கு முன்னர் மதகைத் தோண்டினார்கள். அகலமாக்கித் தரவில்லை, அது வேறு செலவு, வேறு கோரிக்கை. அதற்கான கடிதம் தனியாகப் போயிருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டிருந்தால், பெரியது முடியாது என்ற காரணத்தால் சிறியதும் நின்றிருக்கும்.

யாருக்கு எழுதுவது என்ற கேள்வியில் நமது ஆட்கள் அதிகம் இடறுகிறார்கள். வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்முனை, காத்தான்குடி ஊடாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியும், ஏறாவூர்ப் பக்கமாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. பீ தர வீதிகளும் அப்படியே. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகள் உள்ளூராட்சி சபைக்குரியவை. தெரியாவிட்டால் முதலில் அதையே கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தர மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பிறகு ஆணைக்குழு இருக்கிறது. "இந்த மதகு யாருக்குரியது? கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது? இவ்வருடம் அதற்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா?" என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் மகஜரின் முதுகெலும்பு. அவர்கள் தந்த பதிலையே அவர்களுக்கு இணைப்பாக அனுப்பும்போது மறுக்க வழி குறைவு.

பாராளுமன்ற உறுப்பினருக்கும் அமைச்சருக்கும் எழுதவே வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், பிரதியாக. கடிதத்தின் அடியில் "பிரதி" என்று அவர்கள் பெயரைப் போடுங்கள். ஆனால் கடிதம் ஒருவருக்குத்தான்.

சுனாமிக்குப் பின்னரான காலத்தை மூத்த வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலிலிருந்து வடக்கு, கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் ஏனைய இடங்களில் 100 மீற்றருக்குள்ளும் மீளக் கட்டக் கூடாது என்று 2005இல் அரசாங்கம் சொன்னது. காத்தான்குடி போன்ற ஊர் ஒன்றில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள நிலமே ஒடுங்கியது. "எமது வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது" என்று எழுதுவதை விட, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இவ்வளவு மீற்றர், அதில் 200 கழிந்தால் மீதி இவ்வளவு, அதற்குள் இத்தனை குடும்பம் என்று ஒரு வரைபடத்தோடு எழுதுவது பலமானது. அதைத் தீர்மானித்ததும் பிரதேச செயலாளர் அல்லர், கொழும்பு. 2005இன் இறுதியிலும் அதன் பின்னரும் அந்த எல்லை தளர்த்தப்பட்டது.

அடுத்தது கையொப்பம். எண்ணிக்கை கூடினால் பலம் என்று நினைத்து, ஜும்ஆ முடிந்து வருபவர்களிடமெல்லாம் வெற்றுத் தாளில் ஒப்பம் வாங்குகிறார்கள். எதற்கு என்று ஒப்பமிட்டவருக்கே தெரியாது. அதிகாரி ஒருவர் இரண்டு பேரை அழைத்து விசாரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த விடயத்தில் வர்த்தகர்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி 1894இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் இருக்கிறது. இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமூலம் அங்கே வந்தது. எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் தாதா அப்துல்லா போன்ற குஜராத்தி முஸ்லிம் வர்த்தகர்கள். அவர்களுடைய வழக்குக்காக வந்திருந்த இளம் சட்டத்தரணி காந்தி மனுவை வரைந்தார். சட்டசபைக்குக் கொடுத்த முதல் மனு பலிக்கவில்லை, சட்டமூலம் நிறைவேறியது. உடனே, லண்டனில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு இரண்டாவது மனு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சுமார் 10,000 கையொப்பம் சேர்த்தார்கள். வர்த்தகர்கள் தங்கள் செலவில் வண்டி பிடித்து ஊர் ஊராகப் போனார்கள். மனுவில் என்ன இருக்கிறது என்று முழுமையாக விளங்காத எவரிடமும் ஒப்பம் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. மனுவை அச்சிட்டு ஆயிரம் பிரதிகளைப் பத்திரிகைகளுக்கும் பிரமுகர்களுக்கும் அனுப்பினார்கள். பிரித்தானிய அரசு அந்தச் சட்டமூலத்துக்கு அதே வடிவில் ஒப்புதல் தரவில்லை. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. 1896இல் 'இந்தியர்' என்ற சொல்லைத் தவிர்த்து வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் முதல் மனு தோற்ற இடத்தில் நிற்காமல், அடுத்த அதிகாரம் யாரிடம் என்று பார்த்துப் போனார்களே, அதை நாம் கற்க வேண்டும்.

நமக்குப் பத்தாயிரம் தேவையில்லை. 37 கடைக்காரர்; பெயர், கடை இலக்கம், வியாபாரப் பதிவு இலக்கம், ஒப்பம். போதும். இன்னொன்று, வெள்ளம் ஊர் எல்லை பார்த்து வருவதில்லை. காத்தான்குடியும் ஆரையம்பதியும், ஏறாவூரும் செங்கலடியும் ஒட்டியிருக்கும் ஊர்கள். ஒரே வடிகானால் பாதிக்கப்படும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் இருவரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால், "இது அவர்களுடைய பிரச்சினை" என்று ஒதுக்க எவராலும் முடியாது. தனித்தனியே எழுதினால், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கோபிப்பார் என்று இருவருக்கும் கொடுக்காமல் விடுவது அதிகாரிக்கு வசதியாகிவிடும்.

பெயரில்லாத பெட்டிசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துக் கடைக்காரன் மேல் பொறாமையில் வரி அலுவலகத்துக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் மொட்டைப் பெட்டிசம் அடிப்பது நம்மிடையே இருக்கும் ஒரு நோய். அதனால் உண்மையான முறைப்பாட்டையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டார்கள். பெயரையும் முகவரியையும் தைரியமாகப் போடுங்கள்.

சில கடிதங்களுக்குக் காலக்கெடு உண்டு. கெடு தவறினால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு அரசிறைச் சட்டத்தின் கீழ் வரி மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், அதை மீளாய்வு செய்யக் கோரும் கடிதம் 30 நாட்களுக்குள் போக வேண்டும். "கணக்காளர் கொழும்பு போயிருக்கிறார்" என்பது காரணமாகாது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்வதற்கு ஒரு மாதம்தான். வியாபாரத்தைப் பாதிக்கும் எந்த அறிவித்தல் வந்தாலும் முதல் வேலை, அது கைக்குக் கிடைத்த திகதியை உறையின் மேலேயே எழுதி வைப்பது.

அரசாங்கம் தானாகவே கருத்துக் கேட்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது நாம் வாய் திறப்பதில்லை. மின்கட்டணத்தை மாற்றுவதற்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் எழுத்து மூலக் கருத்துக் கோருகிறது. 2024இன் இறுதியில் கட்டணத்தை மாற்றாமல் வைத்திருக்கவே மின்சார சபை முன்மொழிந்தது. கருத்துக் கேட்டபின் ஆணைக்குழு, 2025 ஜனவரி 17 முதல் சராசரியாக 20 வீதம் குறைத்தது. குளிரூட்டி வைத்து மீன், ஐஸ்கிரீம் விற்கும் நம்மவர்கள் எத்தனை பேர் தங்கள் மின்பட்டியலை இணைத்து ஒரு பக்கம் எழுதினார்கள்? என் கடைக்கு அப்படியொரு கடிதம் பிரதி எடுக்க வரவில்லை.

இனி வங்கிக்கு எழுதும் கடிதம். வீட்டு உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுத்த வர்த்தகருக்கு இதை விட முக்கியமான மகஜர் வேறில்லை. பராட்டே சட்டம் என்று நாம் சொல்வது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். கடன் தவறினால், நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு அது அதிகாரம் தருகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சிறு, நடுத்தர முயற்சியாளர்கள் தொடர்ச்சியாக முறையிட்டார்கள். 2024இல் அந்த அதிகாரம் டிசம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டது. பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. கிடைத்தது என்ன என்று பாருங்கள். கடன் தள்ளுபடி அல்ல. குறிப்பிட்ட ஒரு சட்டத்தின் குறிப்பிட்ட ஓர் அதிகாரம், குறிப்பிட்ட ஒரு திகதி வரை. ஓர் அரசாங்கத்தால் கொடுக்கக்கூடிய அளவு அதுதான்.

அந்தத் திகதி கடந்துவிட்டது. இனி ஒவ்வொருவரும் தத்தமது வங்கியோடுதான் பேச வேண்டும். நலிந்த வியாபாரங்களை மீட்டெடுப்பதற்கென்று தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று 2024இல் மத்திய வங்கி எல்லா வங்கிகளையும் பணித்தது. கடிதத்தை முகாமையாளருக்கு எழுதி, அந்தப் பிரிவுக்கு அனுப்புமாறு கேளுங்கள்.

சென்ற வருடம் ஒரு ஹாஜியார் பிரதி எடுக்கக் கொண்டுவந்த கடிதம், "ஐயா அவர்களே, எனக்கு மூன்று குமர்கள்" என்று ஆரம்பித்தது. படித்ததும் எனக்குக் கவலை வந்தது. வங்கி அதிகாரிக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் தன் கோவையில் கவலையை எழுத முடியாது. அவர் எழுத வேண்டியது இலக்கம். ஹாஜியாரை உட்கார வைத்துக் கேட்டேன்: "மாமா, இப்ப மாசம் எவ்வளவு கட்ட ஏலும்? உண்மையச் சொல்லுங்க." யோசித்துச் சொன்னார். அதை முதல் வரியாக வைத்து எழுதினோம். கடன் இலக்கம், எடுத்த தொகை, எந்த மாதம் வரை ஒழுங்காகக் கட்டினார், எந்த மாதத்திலிருந்து ஏன் தவறியது, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதம் இப்படிக் கட்டினால் பழைய தவணைக்குத் திரும்பலாம். ஆறு மாத விற்பனைப் புத்தகத்தின் பிரதி இணைப்பு. குமர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாயால் சொன்ன வாக்குறுதியை விட, முதல் தவணையைக் கட்டிய பற்றுச்சீட்டை இணைப்பது மேல் என்று சொன்னேன், சிரமப்பட்டுக் கட்டினார். வங்கி பேச அழைத்தது. அவர் கேட்ட காலம் முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஏல அறிவித்தலும் வரவில்லை. வங்கி பதிலே தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். வங்கிக்கு முதலில் எழுதிய கடிதத்தின் பிரதியை அதனோடு இணைத்து அனுப்புங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. கொழும்பு அலுவலகத்துக்கும் தமிழில் எழுத உங்களுக்கு உரிமையுண்டு. உரிமை ஒரு புறம் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் மேசையில் கடிதம் ஒரு மாதம் தூங்குவதை விரும்பாவிட்டால், தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பமிடுவது தமிழ்ப் பிரதியில்.

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். துண்டைப் பிரதியோடு பின்னடித்து வையுங்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அதில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை, கோபமும் வேண்டாம். முதற்கடிதத்தின் திகதி, அவர்கள் கோவை இலக்கம் தந்திருந்தால் அது, இதுவரை பதில் கிடைக்கவில்லை என்ற ஒரு வரி, முதற்கடிதத்தின் பிரதி ஒன்று.